எழுபதுக்கு அறுபத்தொன்பது

அத்தியாயம் 6

நாற்காலியைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

கறுப்பு ரெக்சின் போட்ட சுழல் நாற்காலி. அதன் முன்னால் கண்ணாடி பதித்த மேஜை. மேஜைமேல் 'கிரீஷ், நிர்வாக இயக்குநர்' என்று வெட்டிய பித்தளைப் பலகை. வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. பதினொரு நாளுக்கு முன்புவரை அதற்குக் கொற்கை நாணய நிலையம் என்று பெயர். இப்போது வாசலில் பூட்டு. கட்டிடக்காரரிடம் சாவி வாங்கித்தான் இருவரும் உள்ளே வந்திருந்தார்கள்.

தேவசிகாமணி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் போய்ப் பார்த்து, நிஜமா பொய்யா என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் ஒரு அறை எடுத்துத் துப்பறிய ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது. எதைப் பார்த்தாலும் அவர் முகத்தில் ஒன்றும் அசையாது. முதலில் அது தொழிலுக்காக. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இந்தச் சேர்ல ஒருத்தனும் உக்காரல்ல" என்றான் நூகு. "உக்காந்திருந்தா இந்தக் கவர் சரக்சரக்குன்னு கத்தியிருக்கும். மொதலாளியவிட நாற்காலி கூடப் பேசியிருக்கும்."

நூகுவுக்கு முப்பத்தாறு வயது. மேலப்பாளையத்துக்காரன். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவனை, ஏறுகிறவர்களிடம் அதிகம் பேசுகிறான் என்று முதலாளி நிறுத்திவிட்டார். அந்தப் பேச்சுக்காகவே தேவசிகாமணி சேர்த்துக்கொண்டார். அவர் கேட்டால் வாயை மூடிக்கொள்கிறவர்கள், நூகு கேட்டால் உட்கார வைத்து டீ கொடுத்துப் பதில் சொல்வார்கள்.

"கிரீஷைப் பாத்தவங்க யாரு?"

"விசாரிச்ச இருவது பேர்ல ஒருத்தர்கூடப் பாக்கல. பம்பாய்ல இருக்காரு, அடுத்த வாரம் வாராரு. இதான் பதிலு. ரெண்டு வருசமா அந்த மனுசன் அடுத்த வாரம் வந்துக்கிட்டே இருக்கான். திருச்செந்தூர் பாசஞ்சர்கூட இவ்வளவு லேட்டா வராது."

"எங்கிருந்து வந்த தகவல் அது?"

"எல்லாம் ஹெச்செம் சார் சொன்னதுதான்."

தேவசிகாமணி தலையாட்டினார்.

ஹெச்செம் சார் என்பது சிவசண்முகம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கொற்கை நாணய நிலையத்துக்குத் திருநெல்வேலியில் அவர்தான் முகவர். அவர் சொன்னதை நம்பி நாற்பது பேர், பெரும்பாலும் அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உறையில் அடைத்த நாணயங்களை முதலீடாக வாங்கியிருந்தார்கள். உள்ளே இருப்பது ஐந்து ரூபாய் நாணயம். உறையோடு சேர்த்தால் தொள்ளாயிரம் ரூபாய், ஆயிரத்து இருநூறு, சிலது இரண்டாயிரம். இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனியே இரட்டிப்பு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை. உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் செல்லாது.

இரண்டு வருஷம் முடிந்து முதல் ஆள் நாணயங்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய வாரத்தில் அலுவலகம் பூட்டப்பட்டது. கிரீஷைக் காணவில்லை.

வழக்கைக் கொண்டுவந்தவள் சிவசண்முகத்தின் மகள் சித்ரலேகா. வேளாண்மைத் துறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பெருமாள்புரம் வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும்தான். ஐந்து நாளுக்கு முன் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒரு வாரமா அப்பா பேசல சார். காப்பி குடுத்தாக் குடிப்பாக. குளிக்கச் சொன்னாக் குளிப்பாக. அழுகையும் இல்ல, கோவமும் இல்ல. வீட்டுக்கு ஆளு வந்து கத்திட்டுப் போறாங்க, செவுரப் பாத்து உக்காந்திருக்காக. டிராயிங் சார் ஒருத்தர்தான் காசு பணம் கேக்காம தெனமும் காலையில வந்து கூட உக்காந்திருக்காரு. அவருகிட்டயும் பேசல. அந்தக் கிரீஷை எப்படியாவது கண்டுபிடிச்சு அப்பா முன்னால நிறுத்துங்க. அவனப் பாத்தாவது அவுகளுக்கு ஏதாவது ஒண்ணு வரட்டும். கோவம் வந்தாலும் சரிதான்."

போகும்போது இரண்டு பொருள்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்று, அப்பாவின் பிரிவுபசார விழாவில் எடுத்த குரூப் போட்டோ. அதில் இருப்பவர்களில் பதினோரு பேர் நாணயம் வாங்கியவர்கள். இன்னொன்று, விற்காமல் அலமாரியில் கிடந்த ஒரு நாணய உறை.

தேவசிகாமணி இப்போது அந்த உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலோர வெளிச்சத்தில் பிடித்தார்.

உள்ளங்கை அளவு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். நடுவில் பளபளவென்று ஐந்து ரூபாய். மேலே ஒரு வெள்ளைச் சீட்டு. 'பம்பாயில் காற்றுப் புகாத அறையில், நிபுணர் குழுவால் தரம் பிரித்து அடைக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே கறுப்பு மையில் கையால் எழுதியது: தரம் 61 / 70.

"காசுக்கும் மார்க்கு போட்டிருக்கான் பாருங்க" என்றான் நூகு. "நான் பத்தாவதுல கணக்குக்கு வாங்குனதைவிட இது ஜாஸ்தி. என்ன, இது டியூசன் போயிருக்கும்."

"நீ பாத்த உறையில எல்லாம் என்ன மார்க்கு?"

நூகு குறிப்பு நோட்டைப் புரட்டினான். "அம்பத்தெட்டு. அறுவத்தி மூணு. அம்பத்தி நாலு. அறுவது. ஒண்ணு அறுவத்தாறு."

"எழுவது?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி."

தேவசிகாமணி பூதக்கண்ணாடியை எடுத்து நாணயத்தைப் பார்த்தார். பிறகு நாணயத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"நூகு, இங்கன வா. ஓரத்துல என்னமோ சிவப்பா கிடக்கு. நூலா அது?"

நூகு கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். முடியைவிடச் சற்றுத் தடிமனாக, அரை அங்குலம் நீளத்துக்கு ஒரு சிவப்பு இழை, நாணயத்தோடு சேர்ந்து உள்ளே அகப்பட்டுக் கிடந்தது.

"நூலுன்னா முறுக்கு இருக்கும். இதுல முறுக்கு இல்ல. இது கோரை அண்ணாச்சி. மெல்லிசாக் கீறிச் சாயம் போட்ட கோரை. பத்தமடைப் பாய்ல வருமே, அது."

"எப்படிச் சொல்லுத?"

"என் சம்சாரம் பத்தமடை. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை தலை நிமிரக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு பகல் முழுக்க அந்தப் பாயையேதான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்த எழை எங்க போவுதுன்னு இப்பவும் கேளுங்க, சொல்லுதேன்."

தேவசிகாமணி உறையைப் பைக்குள் போட்டார்.

"பம்பாய்ல காத்துப் புகாத ரூம்ல அடைச்சிருக்கான். காத்து புகல்ல. பத்தமடை மட்டும் புகுந்திருக்கு. வண்டிய எடு."

---

நூகுவின் எம்-எய்ட்டி மொபெட், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டால் மாட்டு வண்டிக்கு வழிவிடும். பத்தமடை போய்ச் சேர ஒரு மணி நேரமாயிற்று. ஆனி மாதம். மேற்கே மலையில் மழை பிடித்திருந்தது. கன்னடியன் கால்வாயில் கலங்கல் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இரண்டு பக்கமும் வாழை. காற்றில் நல்ல ஈரம். தேவசிகாமணி எதையும் பார்க்கவில்லை. முன்னால் இருக்கிறவனின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊருக்குள் நுழையும்போது நூகு கேட்டான். "எப்படித் தேடுதது? இங்கன வீட்டுக்கு வீடு கோரை கிடக்கும்."

"பிளாஸ்டிக் மூடி ரெண்டையும் சேத்து ஒட்டணும்னா சூடு வேணும். பாய் நெய்யுததுக்குச் சூடு வேண்டாம். கோரை கிடக்குத வீட்டுல கரண்டு பில் யாருக்குக் கூட வருதுன்னு விசாரி."

"எங்க கொழுந்தியாகிட்ட கேட்டாப் போதும். அவளுக்குத் தெரியாம இந்த ஊர்ல பூனை குட்டி போடாது."

கொழுந்தியாளின் பெயர் செய்யதலி பாத்திமா. மூன்றாவது தெருவில் வீடு. வாசலில் சாயம் தோய்த்த கோரைக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நூகு குரல் கொடுத்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள்.

"வாங்க மச்சான். அக்கா வரலியா?"

"அக்கா வந்தா நான் பேச முடியாது. ஒரு சங்கதி கேக்கணும். இந்த ஊர்ல யாராவது பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள காசு வச்சு ஒட்டுதாங்களா?"

பாத்திமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா. நாங்கதான் ஒட்டுதோம்."

நூகு அப்படியே வாசலில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

பாத்திமா மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பின்கட்டில் ஓடு வேய்ந்த கொட்டகைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். ஒரு பக்கம் பாய்த் தறி. மறுபக்கம் பலகை மேல் இஸ்திரிப் பெட்டி, ஒரு வாளி, மூட்டையாகப் பிளாஸ்டிக் மூடிகள். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இரண்டு வருஷமாகச் செய்கிறார்கள். நாணயங்களைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பார்கள். துணியில் துடைத்து, மூடிக்குள் வைத்து, ஓரத்தில் சூடு காட்டி ஒட்டுவார்கள்.

"எதுக்குன்னு சொன்னாங்க?" என்றார் தேவசிகாமணி.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு குடுக்கதுக்கு. பெரிய சார் அப்படித்தான் சொன்னாக."

"எந்தப் பெரிய சார்?"

"பேரு தெரியாது. சார்னுதான் கூப்பிடுவோம். மாசத்துக்கு ரெண்டு தடவ பஸ்ல வருவாக. மஞ்சப் பைல காசு கொண்டாருவாக. ஒட்டுததுக்கு முன்னால அந்தா அங்கன முக்காலி போட்டு உக்காந்து ஒவ்வொரு காசையும் கண்ணாடி வச்சுப் பாத்து மார்க்குப் போடுவாக. ஒரு நாளைக்கு முப்பது காசு பாத்தா ஜாஸ்தி. அவ்வளவு நிதானம். நான்கூட ஒரு நாள் கேட்டேன், எல்லாம் பாங்க்ல வாங்குன ஒரே மாதிரிக் காசுதான சார், எழுவதுக்கு எழுவது போட்டுர வேண்டியதுதானன்னு."

"என்ன சொன்னாக?"

"முழு மார்க்குக் குடுத்தா அதுக்கு மேல அது முயற்சி செய்யாதும்மா அப்படின்னாக."

நூகு சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். தேவசிகாமணியைப் பார்த்தான்.

தேவசிகாமணி மெதுவாகச் சொன்னார். "ஏமாத்துதவன் எல்லாத்துக்கும் எழுவதுதான் போடுவான் நூகு. எழுவதுன்னா விலையும் கூடக் கிடைக்கும். இவனுக்கு அது முடியல. முப்பது வருசமா முழு மார்க்குப் போட்டுப் பழக்கமில்லாத கை. ஒரு வாத்தியார் கை. இத நான் காலையிலேயே உன்கிட்ட சொல்லியிருக்கணும். என் நெனைப்பு தப்பா இருக்கட்டும்னு இருந்தேன்."

பையிலிருந்து குரூப் போட்டோவை எடுத்தார். மூன்று வரிசையில் இருபத்தெட்டு பேர்.

"இதுல உங்க பெரிய சார் இருக்காரா பாருங்கம்மா."

பாத்திமா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கினாள். தேடவே இல்லை. நடு வரிசையில், நடுநாற்காலியில், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர் மேல் விரலை வைத்தாள்.

"இந்தா. இவுகதான்."

அது சிவசண்முகம்.

"போன மாசமும் வந்தாக" என்றாள் அவள். "காசு கொண்டாரல்ல. சும்மா முக்காலில ரொம்ப நேரம் உக்காந்திருந்தாக. எங்களுக்குத் தரவேண்டிய கூலியப் பைசா பாக்கி இல்லாமக் குடுத்துட்டு, இனிமே வேலை இல்லம்மான்னு சொல்லிட்டுப் போனாக. ஏன் மச்சான், சாருக்கு ஏதாவது ஆயிட்டா?"

நூகு வண்டியை எடுக்கப் போனான். திரும்பி வரும் வழியில் சேரன்மகாதேவி பஸ் ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதன் பிறகு நூகு கேட்டான்.

"அப்ப கிரீஷு?"

"கிரீஷுன்னு ஒருத்தன் கிடையாது. ஒரு பலகை, ஒரு நாற்காலி. ஆளு வந்தா வையுததுக்கு ஒரு பேரு வேணும்லா."

"அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லப்போறிய?"

"கண்டுபிடிச்சாச்சுன்னு."

---

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பெருமாள்புரம் வீட்டுக்குப் போனார்கள்.

முன்னறையில் சிவசண்முகம் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, பனியன், நெற்றியில் திருநீறு. எதிர்நாற்காலியில் இன்னொருவர் ஒரு தூக்குச் சட்டியைத் திறந்து இடியாப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். விரல்களில் போகாத வர்ணக் கறை.

"இவங்கதான் ஐயம்பெருமாள் சார், டிராயிங் மாஸ்டர்" என்றாள் சித்ரலேகா. "தெனமும் வாராங்கன்னு சொன்னேன்லா."

ஐயம்பெருமாளும் நாணயம் வாங்கியவர். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மனைவியின் இருதய ஆபரேஷனுக்காக ஒதுக்கி வைத்த பணத்தைக் கொடுத்து வாங்கினார் என்று நூகு எழுதி வைத்திருந்தான். அடுத்த மாதம் மதுரையில் தேதி குறித்திருந்தது. அதை அவர் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னது.

தேவசிகாமணி உட்காரவில்லை. "தனியாப் பேசணும்னாலும் சரி. இவங்க முன்னாலன்னாலும் சரி. நீங்க சொல்லுங்க சார்."

சிவசண்முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து பத்தமடை போயிருந்தேன்."

சித்ரலேகா ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். சிவசண்முகத்தின் கண் சுவரிலிருந்து இறங்கி, தேவசிகாமணியின் செருப்பில் நின்றது.

"அந்தப் பொம்பளைகளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. குரல் கட்டியிருந்தது. "அவங்கள இதுல இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன்."

"அப்பா" என்றாள் சித்ரலேகா.

அவர் மகளைப் பார்க்காமலே பேசினார். வகுப்பில் பாடம் சொல்வதுபோல வரிசையாக, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"ரிட்டயர் ஆன வருசம் பேப்பர்ல ஒரு விளம்பரம் பாத்தேன். முதலீட்டு நாணயம், உறையோட. பம்பாய் விலாசம். வந்த பணத்துல பெரும்பகுதியப் போட்டு அறுபது வாங்கினேன். ஒரு வருசம் கழிச்சு மெட்ராஸ்ல ஒரு காசு வியாபாரிகிட்ட கொண்டு போனேன். அவன் ஒண்ண உடைச்சுக் கையில குடுத்தான். 'சார், இது அஞ்சு ரூபா. பஸ்ல டிக்கெட் எடுங்க'ன்னான். பம்பாய்க்கும் போய்ப் பாத்தேன். அந்த விலாசத்துல ஒரு மாவு மில் இருந்துது."

"எங்கிட்ட டூர்னு சொல்லிட்டுப் போனியளே" என்றாள் சித்ரலேகா.

"கணக்கு வாத்தியார் ஏமாந்தான்னு எப்படிச் சொல்ல? வாய் வரல்ல. மிச்சத்த அலமாரியில வச்சுப் பூட்டினேன். ஒரு நாள் பழைய தமிழ் ஐயா வீட்டுக்கு வந்தவரு அதப் பாத்துட்டாரு. நீங்க வாங்கினா சரியாத்தான் இருக்கும், எனக்கும் ரெண்டு குடுங்கன்னாரு. குடுத்தேன். கேட்டதுக்கு மேல பணம் குடுத்துட்டு, நன்றி வேற சொன்னாரு. ஏமாந்தேன்னு சொல்லத்தான் வாய் வரல்ல. ஏமாத்த வந்துச்சு."

சிவசண்முகம் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"மிச்ச அம்பத்தொம்போதும் ஒரு மாசத்துல போச்சு. எனக்கு என் பணம் வந்துட்டு. அதோட விட்டிருக்கலாம். இன்னும் இருக்கான்னு ஆளு மேல ஆளு வந்தாங்க. இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேப்பாங்க. அதனால ஒரு கம்பெனி ஆரம்பிச்சேன். அதுக்கு ஒரு மொதலாளி வேணும்லா. எழுதினேன்."

"அந்தக் கிரீஷ் லெட்டரெல்லாம்?" சித்ரலேகாவின் குரல் சின்னதாக இருந்தது. "இங்கிலீஷ்ல தப்பு இருக்குன்னு நான் காட்டுவேனே."

"காட்டுவே. அடுத்த லெட்டர்ல திருத்திக்கிட்டேன்."

அவள் உள்கதவு நிலையில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"பணம் எங்க சார்?" என்றார் தேவசிகாமணி.

"மாடி வாடகை, விளம்பரம். அவசரம்னு நடுவுல திருப்பிக் கேட்டவங்களுக்குக் கேட்டதக் குடுத்தேன். மிச்சம் இந்த வீடுதான். அது வித்தாலும் பாதிக்குக் காணாது." தன் வலது கையைப் பார்த்தார். "மொத நாள் மார்க்குப் போடும்போது கை நடுங்கும்னு எதிர்பார்த்தேன். நடுங்கல. ராத்திரி தூக்கம் வராதுன்னு நெனைச்சேன். வந்துது. இந்தப் பன்னெண்டு நாளும் ஏதாவது வருமான்னு பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். வரல்ல. மரத்துப்போன காலத் தரையில ஊனுத மாதிரி இருக்கு. கால் இருக்குன்னு தெரியுது. அவ்வளவுதான்."

தேவசிகாமணிக்கு அது புரிந்தது. புரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூகு மட்டும் ஐயம்பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தூக்குச் சட்டியின் மூடியை எடுத்து, சரியான பள்ளத்தில் பொருத்தி, திருகி மூடினார். முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"டிராயிங் சார்" என்றான் நூகு பைய. "ஒங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"கம்பெனி அவருதுன்னு தெரியாது" என்றார் ஐயம்பெருமாள். "அந்தச் சீட்டுல எழுதினது யாருன்னு தெரியும். மொத நாளே தெரியும்."

சிவசண்முகம் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எழுத்துப் பாத்துப் பிழைச்சவன் சார். ஒங்க ஆறும் ஒம்போதும் எனக்குத் தெரியாதா? ரேங்க் கார்டுல இருவத்தி நாலு வருசம் பாத்த எழுத்து. பம்பாய் நிபுணர்னு அச்சடிச்சிருக்கு, எழுத்து ஒங்களுது. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கம்பெனிக்காரன் நல்ல ஆளாப் பாத்து மார்க்குப் போட வச்சிருக்கான்னு தோணுச்சு. பம்பாய்க்காரன் எழுதியிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேன். ஒங்க கையெழுத்துன்னுதான் வாங்கினேன்."

ஐயம்பெருமாள் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மத்தவங்களுக்கு அம்பது, அறுவதுன்னு போட்டிய. எனக்குக் குடுத்த பத்துக்கும் அறுவத்தொம்போது. வீட்டுல பொஞ்சாதிகிட்ட காட்டினேன். நம்ம ஹெச்செம் வாழ்நாள்ல யாருக்கும் இவ்வளவு போட்டதில்லன்னு சொன்னேன்."

"ஒமக்கு நல்லதாக் குடுக்கணும்னு நெனைச்சேன்" என்றார் சிவசண்முகம். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்ததுபோல இருந்தது. "பத்தும் நல்லாத் தேடி எடுத்தது. ஒரு கீறல் கிடையாது."

"அது சரி" என்றார் ஐயம்பெருமாள். "விலையும் அதுக்குத் தக்கன வாங்கினிய."

தெருவில் ஒரு தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள்.

"ஆபீஸ் பூட்டின அன்னைக்கே எனக்கு மனசுல பட்டுட்டு" என்றார் ஐயம்பெருமாள். "நீங்களே சொல்லுவியன்னுதான் தெனமும் வந்தேன். இன்னைக்குச் சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு. பன்னெண்டு நாள் இடியாப்பம் கொண்டாந்தேன். கடைசில இவங்க வந்து கேக்க வேண்டியிருந்துது."

எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"சட்டையப் போடுங்க சார். ஸ்டேசனுக்குப் போவோம்."

"நானே போறேன்" என்றார் சிவசண்முகம்.

"நீங்களாப் போனா உக்கார வச்சுக் காப்பி குடுத்து அனுப்பிருவாங்க. அந்த இன்ஸ்பெக்டரு நம்மகிட்ட படிச்ச பய. நாப்பது பேர்ல ஒருத்தனும் இதுவரைக்கும் எழுதிக் குடுக்கல. யாராவது ஒருத்தன் புகார் குடுக்கணும்லா. நான் குடுக்கேன்."

சித்ரலேகா தரையிலிருந்து எழுந்தாள். உள்ளே போய் வெள்ளைச் சட்டையும் பிரஷர் மாத்திரை அட்டையும் எடுத்து வந்தாள். சட்டையை அப்பா கையில் கொடுத்தாள். மாத்திரையை அவர் பையில் தானே வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்க பீஸ் எவ்வளவு சார்?" என்று தேவசிகாமணியைக் கேட்டாள்.

"பிறகு பாக்கலாம்மா."

"இல்ல. சொல்லுங்க. நாளைக்கு இந்த வீட்டுல என்ன மிஞ்சும்னு தெரியாது."

அவர் ஒரு தொகையைச் சொன்னார். பேசினதில் பாதி. அவள் அதைக் கண்டுகொண்டாள். பேசின முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருந்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று பட்டது.

நூகு முக்கு வரைக்கும் போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தான். சிவசண்முகம் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் ஐயம்பெருமாள், மடியில் தூக்குச் சட்டி. பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிறவர்கள் மாதிரி இருவரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூகு எம்-எய்ட்டியை உதைத்து, பின்னால் தேவசிகாமணியை ஏற்றிக்கொண்டு தொடர்ந்தான்.

மார்க்கெட் திருப்பத்தில் ஆட்டோ கிழக்கே திரும்பியது. வெயில் நேராகச் சிவசண்முகத்தின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைக்கூடச் சுருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐயம்பெருமாள் குறுக்கே கையை நீட்டி, அவர் பக்கத்து ரெக்சின் திரையை அவிழ்த்து இறக்கி விட்டார்.